பிஸ்கட் சொன்ன சாட்சி

பிஸ்கட் வாலை ஆட்டிய அந்தச் சாயங்காலம் நாடீன் அடுப்படியில் சோளக்கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். குழாயில் காற்று அடைத்துக்கொண்டு கடகடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த வீட்டுக் கிணற்று மோட்டார் நல்ல நாளிலேயே அப்படித்தான். ஆனால் சத்தம் கூடத்திலிருந்து வந்தது. காய்ந்த மரச்சீவலில் வால்நுனி படபடவென்று அடிக்கிற சத்தம். கேட்கிறவனுக்குக் கிலுகிலுப்பைப் பாம்பு என்று குலை நடுங்கவேண்டும், அதற்காகத்தான் பிஸ்கட் மாதிரிச் சோளப்பாம்பு அப்படிச் செய்கிறது. பல்லில் விஷம் இல்லாதவர்கள் சத்தத்தில்தான் காலம் தள்ளவேண்டும்.

கரண்டியோடு ஓடி வந்து பார்த்தாள். கண்ணாடிக் கூண்டின் கதவு திறந்திருந்தது. அவள் புருஷன் வெண்டல் கையை உள்ளே விட்டபடி அசையாமல் நின்றான். பிஸ்கட் மூலையில் சுருண்டு, கழுத்தை வளைத்து மடித்து, தலையைத் தட்டையாக்கிக்கொண்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணினே அதை?"

"ஒண்ணும் பண்ணலம்மா. தண்ணிக் கிண்ணத்தை எடுக்கலாம்னு கையை விட்டேன்."

"மேலேருந்து விட்டியா? பருந்து வர்ற மாதிரி?"

"பக்கத்துலேருந்துதான் விட்டேன். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அவன் பேசி முடிக்கவில்லை, பிஸ்கட் பாய்ந்து விரல் மூட்டில் ஒரு போடு போட்டது. கையை வெளியே எடுத்தான். பொட்டுப் பொட்டாக ரத்தம். கூடவே அந்த நாற்றம். பயந்துபோன பாம்பு அடியிலிருந்து பீய்ச்சுகிற நாற்றம்.

"கிழவிக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு," என்று வெண்டல் பாம்பைக் காட்டிச் சிரித்தான். "கஞ்சி அடி பிடிக்குது பாரு."

நாடீன் சிரிக்கவில்லை.

பிஸ்கட் கடித்தது என்று அந்த வட்டாரத்தில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். மாவட்டச் சந்தையில் வருஷாவருஷம் நாடீன் ஒரு மேஜை போட்டு உட்கார்வாள். சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று பிஸ்கட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வார்கள். ஐஸ்கிரீம் கையோடு தொடுவார்கள், வாலைப் பிடித்து இழுப்பார்கள், காதுக்குள் கத்துவார்கள். (பாம்புக்குக் காது கிடையாது என்று நாடீன் நூறு தடவை சொல்லியிருப்பாள்.) பிஸ்கட் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் நுழையப் பார்க்கும். அவ்வளவு சாது. ஏரிக்கரைப் பண்ணைகளில் நாய் வளர்க்கிற சிலருக்கே இப்படி ஒரு பிராணி வாய்த்ததில்லை.

அப்படிப்பட்டது வெண்டலைக் கடித்திருக்கிறது.

அவன் தூங்கப் போனபின் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணில் நீலம் பூத்திருக்கிறதா? தோல் உரிக்கப் போகிற பாம்புக்குக் கண் மங்கும், கண் மங்கினால் சிடுசிடுக்கும். இல்லை, கண் தெளிவாக இருந்தது. செதில் இடுக்கில் பேன்? இல்லை. கூண்டுக்கு அடியில் வைத்த சூட்டுப் பலகை சரியாக இருந்தது. பசியா என்றால் எலி தின்று செரித்தும் ஆகிவிட்டது. வாயில் புண்ணும் இல்லை. கடைசியில் தன் கையைப் பக்கவாட்டில் நீட்டி வைத்தாள். பிஸ்கட் நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மணிக்கட்டில் ஏறிக்கொண்டது.

அப்படியென்றால் கோளாறு பாம்பில் இல்லை.

அடுத்த தடவையும் அப்படித்தான் நடந்தது. வெண்டல் டவுனுக்குப் போய்விட்டு வந்து கையை விட்டான், வால் படபடத்தது. மூன்றாவது தடவை நாடீன் அவனை முதலில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவச் சொன்னாள். "மோட்டார் கிரீஸ் வாசனை அதுக்குப் பிடிக்கல போல," என்றாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே கழுவிவிட்டு வந்தான். பிஸ்கட் அவன் உள்ளங்கையில் சாதுவாக வந்து படுத்துக்கொண்டது.

"பாத்தியா, கிரீஸ்தான்," என்றான் வெண்டல், நிம்மதியாக.

ரொம்பவே நிம்மதியாக, என்று நாடீனுக்குப் பட்டது. படகு எஞ்சின் பிரித்துப் போடுகிறவன் அவன். கல்யாணமான நாளிலிருந்து அவன் கையில் கிரீஸ் இல்லாத நாளே கிடையாது. அத்தனை வருஷமும் பிஸ்கட் அந்தக் கிரீஸ் கையில்தான் வளர்ந்தது.

மறுநாள் பியூலாவின் தீவனக் கடைக்குப் போனாள். பியூலா எழுபதைத் தாண்டியவள், கோழித் தீவனத்திலிருந்து உறைந்த எலி வரைக்கும் விற்பாள், ஊர் வம்பை மட்டும் இலவசமாகக் கொடுப்பாள். நாடீன் நடந்ததைச் சொன்னாள். வெண்டல் பெயரைச் சொல்லவில்லை, "ஒருத்தர் கை" என்று மட்டும் சொன்னாள்.

பியூலா வேகவைத்த நிலக்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கழுவினா சரியாப் போகுது, கழுவலைன்னா வாலை ஆட்டுது. அப்படித்தானே?"

"ஆமா அக்கா."

"அப்ப அது கிங் வாசனைடீ. வேறென்ன? அந்த ஒருத்தர் எங்கேயோ கிங்கைத் தொட்டுட்டு வர்றார்."

கடைக்குள் நுழையும்போதே நாடீனுக்கும் அது தெரியும். இன்னொருத்தி வாயால் கேட்கவேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

கிங் என்றால் ராஜநாகம் இல்லை. கறுப்பு உடம்பில் வெளிர் மஞ்சள் வளையம் போட்ட, விஷமில்லாத பாம்புதான். ஆனால் மற்றப் பாம்புகளைப் பிடித்து இறுக்கி முழுசாக விழுங்கிவிடும். கிலுகிலுப்பைப் பாம்பைக்கூட விடாது. அதனால் பண்ணைக்காரர்கள் அதை அடிக்கமாட்டார்கள், அடித்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். சோளப்பாம்புக்கோ அதன் வாசனையே எமன்.

"யார் அந்த ஒருத்தர்?" என்றாள் பியூலா.

"சந்தைக்கு வர்ற ஒருத்தர்."

"ம்." பியூலா இன்னொரு கடலையை உரித்தாள். பாம்புக்கும் நோகாமல் பாம்படித்த கோலுக்கும் நோகாமல் பேசுவதில் அவள் கெட்டிக்காரி. "இந்தப் பக்கத்துல கிங் வளர்க்கிறவங்க ஜாஸ்தி கிடையாது. ஏரிக்கு அந்தாண்டதான். உனக்கே தெரியும்."

தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் கிங் வளர்க்கிறவள் ஒருத்திதான். டார்லா. வெண்டலின் முதல் பெண்டாட்டி.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நாடீன் பட்ட பாடு விளங்காது. வெண்டல் டார்லாவோடு குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்த காலத்திலேயே நாடீனைப் பார்க்க வர ஆரம்பித்துவிட்டான். டார்லாவிடம் அவன் சொல்லிவிட்டு வருகிற சாக்கு எப்போதும் ஒன்றுதான்: "போல்ட் வாங்கிட்டு வந்துடறேன்." நாடீன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவன் சட்டைப்பையில் நிஜமாகவே நாலு போல்ட் இருக்கும். அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரிப்பார்கள். அன்றைக்கு அது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. இன்றைக்கு அதே மனுஷன் வாசலில் நின்று, "போல்ட் வாங்கிட்டு வந்துடறேன்," என்று சொன்னால், நாடீனுக்குச் சிரிப்பு எப்படி வரும்? பாம்பின் கால் பாம்பறியும்.

அவர்கள் கல்யாணத்தின்போது நாடீன் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டுக்குள், இந்த வேலிக்குள், ஒரு கிங்கும் வரக்கூடாது. பிஸ்கட்டுக்கு ஆகாது என்று எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். வெண்டலுக்கு மட்டும் அந்த வேலி யாருக்குப் போட்டது என்று தெரியும், தலையை ஆட்டிவிட்டான்.

அதன் பிறகு அந்த வீட்டில் கிங் என்ற சொல்லே எழுந்ததில்லை. சீட்டு விளையாடும்போதுகூட வெண்டல் ராஜாவைப் பேர் சொல்லாமல்தான் போடுவான்.

இப்போது நாடீன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். வெண்டல் வெளியே போய்விட்டு வரவேண்டியது, அவன் குழாயடிக்குப் போவதற்குள், "ஏய்யா, பிஸ்கட்டைக் கொஞ்சம் எடுத்துக் குடேன், எனக்குக் கை வேலையா இருக்கு," என்று அவள் சொல்லவேண்டியது. அவள் கையில் ஒரு வேலையும் இருக்காது. அடுப்படி வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். தேவாலயத்துக்குப் போய்வந்த அன்று பிஸ்கட் வாலை ஆட்டவில்லை. மீன் பிடிக்கப் போன அன்று ஆட்டவில்லை. போல்ட் வாங்கப் போன அன்றெல்லாம் ஆட்டியது.

"நீ ஏன் இப்பல்லாம் பிஸ்கட்டை என்னையே எடுக்கச் சொல்றே?" என்று ஒருநாள் கேட்டான்.

"அது உன்னை மறந்துடக் கூடாதுல்ல."

"மறக்கிற மாதிரித் தெரியலை. கடிச்சுல்ல வைக்குது."

"ஏன் கடிக்குதோ?"

"எனக்கென்ன தெரியும்?" என்றான். கண் அவளைப் பார்க்கவில்லை.

அவளுக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. உறைபெட்டியில் பிஸ்கட்டுக்காக வைத்திருந்த எலிப் பொட்டலம் இளைத்துக்கொண்டே வந்தது. ஊரில் புருஷன்மார் கள்ளத்தனமாகப் போனால் பூ எடுத்துக்கொண்டு போவார்கள். இவன் எலி எடுத்துக்கொண்டு போகிறான், டார்லாவுக்கு அதுதானே பூ! அவள் அந்த உறைபெட்டிக்கு முன்னாலேயே நின்று கொஞ்சம் அழுதாள். அழுதது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

கொல்லையில் மோட்டார் கொட்டகைக்கு அவன் புதுப் பூட்டு போட்டிருந்தான். கேட்காமலே காரணமும் சொன்னான்.

"ரக்கூன் புகுந்து வயரைக் கடிக்குதும்மா. நீ அந்தப் பக்கம் போகாதே."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன கதைதான். வேறு யாராவதாக இருந்தால் அன்றைக்கே பூட்டை உடைத்திருப்பார்கள். ஆனால் நாடீன் மனசு அந்தக் கொல்லையிலேயே இல்லை. அது ஏரியைச் சுற்றிக்கொண்டு அந்தாண்டைக் கரைக்குப் போய், டார்லா வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் உடம்பும் போய்விட்டது. வெண்டல் படகுத் துறைக்கு வேலைக்குக் கிளம்பிய ஒரு காலைப்பொழுது, பியூலா கடைக்குப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவைத்து, அவன் போனதும் வண்டியை எடுத்தாள். கரும்புக் காட்டு வழியாகப் போகும்போது, சொன்ன பொய் நாக்கில் ஒட்டிக்கொண்டே வந்தது.

டார்லா வராந்தாவில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலையை ஆம்பிளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவள் யார் என்று தெரிந்ததும் பீன்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அடேயப்பா! யார் வந்திருக்கா பாரு. அவன் செத்துட்டானா?"

"இல்ல."

"பின்னே எதுக்கு வந்தே? திருப்பிக் குடுக்கவா? நான் வாங்கிக்க மாட்டேன்."

நாடீன் ஒரு பொய் தயாராகக் கொண்டு வந்திருந்தாள், சந்தைக்குக் கிங் ஒன்று வேண்டும் என்று. அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"அவன் இங்கே வர்றானா?" என்றாள்.

டார்லா மெதுவாகக் கேட்டாள்.

"போல்ட் வாங்கப் போறேன்னு சொல்றானா?"

நாடீன் தலையை ஆட்டினாள். டார்லா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! முழங்காலில் அடித்து, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். அதில் ஒரு சொட்டு விஷமில்லை. அதுதான் நாடீனுக்கு இன்னும் சுட்டது.

"கண்ணு, இந்த வராந்தாவுல அவன் கால் வெச்சு எத்தனையோ வருஷமாச்சு. வந்தா நாயை அவிழ்த்து விடுவேன்னு அவனுக்குத் தெரியும். உள்ளே வா, பாத்துட்டுப் போ. கட்டிலுக்கு அடியிலயும் பாத்துக்கோ."

உள்ளே சுவர் நெடுக மரத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கிங். தட்டுகளில் பரப்பிய சைப்ரஸ் மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியது. டார்லா ஒரு தட்டை இழுத்து, கருகருவென்று ஒரு பெரிய பாம்பை எடுத்து நாடீன் கையில் வைத்தாள். பாம்பு வளர்க்கிறவர்கள் வீட்டில் அது ஒரு மரியாதை. நம் வீட்டில் காபி கொடுப்பதுபோல. வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்காரியை அவமதித்த கணக்கு. நாடீன் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். பாம்பு அவள் சட்டைக்கை மேலெல்லாம் ஊர்ந்துவிட்டு, போகிற போக்கில் ஒரு சொட்டு நாற்றத்தையும் விட்டது.

"உன்னைப் பிடிச்சிருக்கு அதுக்கு," என்றாள் டார்லா. வாசல் வரை வந்து வழியனுப்பும்போது இன்னொன்றும் சொன்னாள். "எனக்கு ஒண்ணு தெரியணும். நீ இங்கே வந்தது அவனுக்குத் தெரியுமா?"

நாடீன் வண்டிச் சாவியைத் தேடி எடுத்தாள்.

"அதானே," என்றாள் டார்லா.

திரும்பி வரும் வழியில் மத்தியான மழை பிடித்துக்கொண்டது. டார்லா பொய் சொல்லவில்லை, அது தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் பாருங்கள், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பாதி வழியில், அவள் ஏன் அவ்வளவு சிரித்தாள் என்று ஒரு நினைப்பு. அடுத்த திருப்பத்தில், டார்லா இல்லையென்றால் வேறு யார் என்று இன்னொரு நினைப்பு. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது ஊரிலுள்ள பாதிப் பெண்கள் அவள் மனசில் கிங் வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெண்டல் அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தான். ரொட்டியில் தக்காளி வைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எங்கே போயிருந்தே? மழையில மாட்டிக்கிட்டியோன்னு பாத்தேன்."

"பியூலா அக்கா கடைக்கு. சொன்னேனே."

"ம்." அவன் உப்புத் தூவினான். "பிஸ்கட்டை எடுத்து மடியில வெச்சுக்க. நான் வந்ததுலேருந்து உன்னைத் தேடிச்சு. மூக்கை மூக்கைக் கண்ணாடியில இடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அவள் யோசிக்கவே இல்லை. உலகத்துக்கே கை கழுவச் சொல்லிக் கொடுக்கிறவள், சந்தையில் பிள்ளைகளை வரிசையாகக் குழாயடிக்கு அனுப்புகிறவள், மனசு எங்கேயோ இருக்க, கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள்.

படபடவென்று சத்தம் கேட்டது.

அவள் கையை எடுத்திருக்கலாம். எடுக்க முடியவில்லை. பிஸ்கட் அவளையா, அவளையே, அப்படிப் பார்த்ததை நம்பமுடியாமல் நின்றாள். அது பாய்ந்து அவள் கட்டைவிரலுக்குக் கீழே கவ்வியது, விட்டது, மறுபடி கவ்வியது. பிறகு மரப்பட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

வெண்டல் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். அவள் கையைப் பிடித்துத் திருப்பினான், ரத்தத்தைப் பார்த்தான். பிறகு சட்டைக்கையை மூக்கருகே கொண்டுபோனான். இத்தனை வருஷம் போனாலும் அவனுக்கு அந்த வாசனை மறக்குமா? டார்லாவுக்கு அந்தத் தட்டுகளையெல்லாம் அடித்துக் கொடுத்தவனே அவன்தான்.

"சைப்ரஸ் தூள்," என்றான். "டார்லா வீட்டுக்குப் போயிருக்கே."

நாடீன் கையை இழுத்துக்கொண்டாள்.

"பியூலா கடைன்னு சொன்னே."

"நீ போல்ட்டுன்னு சொன்னே!" அவளுக்குக் குரல் கிறீச்சிட்டது. "ஒவ்வொரு தடவையும் போல்ட்டுன்னு சொல்லிட்டுப் போனே, ஒவ்வொரு தடவையும் கிங் வாசனையோட வந்தே! நான் என்னன்னு நினைக்கிறது? அந்தப் போல்ட்டை நான் பாத்ததில்லையா? உன் சட்டைப்பையில நான் பாத்ததில்லையா?"

அவன் முகத்தில் ரத்தம் ஏறி, பிறகு இறங்கிவிட்டது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான்.

"வா," என்றான்.

மழை விட்டிருந்தது. கொல்லைச் சகதியில் நடந்து மோட்டார் கொட்டகையின் பூட்டைத் திறந்தான். உள்ளே மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, மூடியில் துளைகள். மூடியை எடுத்தான். வாலோரம் கட்டுப் போட்ட ஒரு கிங் படுத்திருந்தது. அவர்களைப் பார்த்ததும், தொட்டியின் ஓரத்துக்கு ஒதுங்கி, தன் வாலையும் படபடவென்று ஆட்டியது.

"புல்லு வெட்டும்போது என் மெஷின்ல அடிபட்டுச்சு. அப்படியே போட்டுட்டு வரச் சொல்றியா? போல்ட்டுன்னு சொன்னது பொய்தான். மருந்து வாங்கப் போனேன், மாட்டு டாக்டர்கிட்ட. எலியும் நான்தான் எடுத்தேன். வந்ததும் இதுக்குக் கட்டு மாத்திட்டு உள்ளே வருவேன், நீ உடனே பிஸ்கட்டை எடுன்னுவே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? கிங்குன்னு சொன்னா உன் மூஞ்சி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? நீ கொத்துவே. நானும் பயந்தவன்தான், ஒளிச்சு வெச்சேன்." அவன் மூடியைப் போட்டான். "அது என் தப்பு. ஆனா நாடீன், நான் வாய் இருக்கிற மனுஷன். இத்தனை வருஷமா உன் பக்கத்துல படுத்திருக்கேன். எங்கே போறேன்னு என்னைக் கேட்கணும்னு உனக்குத் தோணலை. பாம்புகிட்ட கேட்டிருக்கே. அதுக்கப்புறம் அவகிட்டப் போய்க் கேட்டிருக்கே."

அவள் மன்னிப்புக் கேட்டாள். நிஜமாகவே கேட்டாள், அழுதுகொண்டே. அவன் சரி என்றான். அந்தச் 'சரி' எப்படி இருந்தது என்றால், கடிபட்டவன் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்வதுபோல.

கிங்குக்குக் காயம் ஆறியது. அதை அவன் தூரத்துப் பனங்காட்டில் கொண்டுபோய் விட்டான். கொட்டகைப் பூட்டையும் கழற்றிவிட்டான். பிஸ்கட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பிஸ்கட் ஆனது. பயந்த பாம்பைத் துரத்தக்கூடாது, கையைப் பக்கத்தில் வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதையே நாடீன் தானும் செய்தாள். ஒருநாள் அது வந்து மணிக்கட்டில் ஏறிக்கொண்டது.

வெண்டல்தான் பழையபடி ஆகவில்லை. இப்போது அவன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். வெளியே போய்விட்டு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கூண்டுக்குப் போவான். கழுவாத இரண்டு கையையும் உள்ளே விடுவான். பிஸ்கட் சாதுவாக ஏறிக்கொள்ளும். அதை அவள் பக்கம் திருப்பிக் காட்டுவான்.

"பாத்துக்கோ," என்பான்.

"அப்படிப் பண்ணாதேய்யா," என்று அவள் கெஞ்சினாள்.

"ஏன்? சாட்சி நல்ல சாட்சிதானே. பாத்துக்கோ."

கோபமாகச் சொல்லமாட்டான், அதுதான் கொடுமை. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, பிஸ்கட்டை உள்ளே விட்டு, மூடிவிட்டுப் போவான். அந்தப் பாம்பு வாலை ஆட்டிய நாட்களில்கூட நாடீன் இவ்வளவு கூசியதில்லை. இவன் இப்படியே ஒவ்வொரு நாளும் கையைக் காட்டிக்கொண்டே ஒருநாள் போய்விடுவான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வெண்டல் வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"போல்ட் வாங்கிட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள், "தக்காளியும் வாங்கிட்டு வா," என்றாள்.

போனவன் சீக்கிரம் வரவில்லை. மழை வந்தது, போனது. நாடீனுக்குப் பழைய சந்தேகம் தொடங்கியது. போல்ட் வாங்க இவ்வளவு நேரமா? கடை என்ன சந்திரனிலா இருக்கிறது? வண்டி கெட்டுப்போயிருக்கலாம் என்று மனசின் ஒரு பாதி சொன்னது. இன்னொரு பாதி என்ன சொன்னது என்பதை நான் எழுதவேண்டியதில்லை. அவள் கூண்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பிஸ்கட் உள்ளே நிம்மதியாகச் சுருண்டு கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் வருவான், கையை உள்ளே விடுவான், தெரிந்துவிடும்.

வண்டி வந்து நின்றது. நனைந்த செருப்போடு உள்ளே வந்தான். ஒரு காகிதப் பையை மேஜைமேல் வைத்தான், ஒரு வார்த்தை பேசாமல் கூண்டை நோக்கி நடந்தான். கதவில் கை வைத்தான்.

நாடீன் எழுந்து குறுக்கே நின்றாள்.

"கையைக் கழுவிட்டு வா."

"என்ன?"

"வெளியே போயிட்டு வந்த கையோட என் பாம்பைத் தொடாதே. முதல்ல கழுவு. முழங்கை வரைக்கும்."

"கழுவினா வாசனை போயிடும்," என்றான் வெண்டல் மெதுவாக.

"போகட்டும்."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவளுக்குச் சந்தேகம் போய்விடவில்லை, அது அப்படியேதான் இருந்தது. எங்கே போனாய் என்று கேட்கக்கூட இல்லை. நகராமல் நின்றாள், அவ்வளவுதான்.

அவன் திரும்பி அடுப்படிக்குப் போனான். மோட்டார் கடகடத்தது, தண்ணீர் விழுந்தது. மேஜைமேல் பை இருந்தது. உள்ளே போல்ட்டா, தக்காளியா, வேறு ஏதாவதா என்று அவள் திறந்து பார்க்கவில்லை.

"சோப்பு எங்கேம்மா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த 'அம்மா' வந்தது.

"உன் கைக்குப் பக்கத்துலதான் இருக்கு," என்றாள் நாடீன்.